கணக்குப் புதிரும் ஆங்கில வாக்கியமும்

'ஃபைவ் லெஸ் தேன் ட்வெல்வ்' என்பதை எண்களால் எழுதச் சொன்னால், ஆங்கிலவழியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் 5 − 12 என்று எழுதுவார்கள். காதில் விழுந்த வரிசையிலேயே கை எழுதிவிடுகிறது. மூன்றாம் வகுப்பில் இந்தத் தவறு வெளியே தெரியாது. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்து, விடை 7 என்று சரியாகவே சொல்லிவிடுவார்கள். ஏழாம் வகுப்பில் 12 இருந்த இடத்தில் எக்ஸ் வந்து உட்காரும்போதுதான் 5 − எக்ஸ் என்று எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். அதற்குள் நான்கு ஆண்டுகள் ஓடியிருக்கும். பிள்ளைக்குக் கணக்கு வராது என்ற முடிவுக்கும் வீட்டார் வந்திருப்பார்கள்.

இதே செய்தியைத் தமிழில் சொன்னால் 12ஐ விட 5 குறைவு. எண்கள் வரும் வரிசையும் கழிக்கும் வரிசையும் ஒன்றாகவே இருக்கின்றன. 'சப்ட்ராக்ட் எய்ட் ஃப்ரம் ட்வென்டி' என்பதில் 8 முன்னால் வருகிறது. 20இலிருந்து 8ஐக் கழி என்பதில் 20 முன்னால் வருகிறது. பின்னத்திலும் அப்படித்தான். ஆங்கிலம் 'த்ரீ ஃபோர்த்ஸ்' என்று எடுத்த பங்கை முதலில் சொல்லும். தமிழ் 'நான்கில் மூன்று' என்று முழுமையை முதலில் சொல்லி, அதிலிருந்து பங்கை எடுக்கும். எதிலிருந்து, எதைவிட என்பதை முதலில் நிறுத்துவது தமிழின் வழக்கம். ஆங்கிலம் அதைப் பல இடங்களில் கடைசியில் வைக்கிறது. எந்த மொழி மேல் என்பதல்ல இங்கே பேச்சு. வீட்டில் ஒரு வரிசையிலும் பள்ளியில் வேறொரு வரிசையிலும் கேட்கும் பிள்ளைக்கு அந்த மாற்றத்தை யாராவது ஒருவர் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

தனிச் சொற்களும் இடறவைக்கின்றன. 'ஆட் நம்பர்' என்றால் ஒற்றைப்படை எண். ஆனால் ஆங்கிலப் பாடத்தில் 'ஆட்' என்றால் விசித்திரமானது, கூட்டத்தோடு சேராதது. 'டிஃபரன்ஸ் பிட்வீன் செவன் அண்ட் டென்' என்ன என்று கேட்டால், 'பத்தில் இரண்டு இலக்கம் இருக்கிறது, ஏழில் ஒன்றுதான்' என்று ஒரு குழந்தை சொல்லக்கூடும். வேறுபாடு என்ற பொருளில் அந்த விடை சரிதானே! 'ரைட் ஆங்கிள்' என்று செங்கோணத்தைச் சொல்லிக்கொடுத்தால், இடப்பக்கம் திரும்பிய செங்கோணத்தை 'லெஃப்ட் ஆங்கிள்' என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. 'வால்யூம்' தொலைக்காட்சியில் ஒலி அளவு, கணக்கில் கன அளவு. 'டேபிள்' மேசையும்தான், வாய்ப்பாடும்தான். செங்கோணம், கன அளவு, வாய்ப்பாடு என்ற தமிழ்ச் சொற்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. அவை பெரும்பாலும் கணக்குக்காகவே புழங்குகின்றன.

ஆங்கிலவழிக் கணக்கு தமிழ்நாட்டின் தனியார் பள்ளிகளோடு நின்றுவிடவில்லை. அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. சிங்கப்பூரில் தமிழ்ப் பிள்ளைகள் தாய்மொழிப் பாடம் தவிர மற்றவற்றை ஆங்கிலத்திலேயே படிக்கிறார்கள். மலேசியா 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கியபோது தமிழ்ப்பள்ளிகளும் அதற்குள் வந்தன. 2009இல் அந்தக் கொள்கையைக் கைவிட அரசு முடிவெடுத்தது.

பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஆஸ்திரேலியக் கல்வியாளர் ஆன் நியூமன் 1970களில் ஒரு வழி சொன்னார். தவறான விடை எழுதிய பிள்ளையை உட்காரவைத்து ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். கணக்கை வாசித்துக் காட்டு. அது என்ன கேட்கிறது என்று சொல். எப்படிப் போடப்போகிறாய்? போட்டுக் காட்டு. இப்போது விடையை எழுது. வாசித்தல், புரிதல், கணக்காக மாற்றுதல், செய்தல், எழுதுதல் என்று ஐந்து படிகள். அவருடைய ஆய்வில் தவறுகளில் ஏறக்குறையப் பாதி நான்காவது படிக்கு வருவதற்கு முன்பே நேர்ந்திருந்தது. கூட்டல் கழித்தல் தெரியாமல் தோற்றவர்களைவிட, கேள்வியிலேயே தோற்றவர்கள் அதிகம். அவர்களுக்கு இன்னும் நூறு கழித்தல் கணக்குக் கொடுத்துப் பயிற்சி செய்யவைப்பதால் என்ன பயன்?

கேள்வியைப் படிக்காமலே எண்களைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் தாய்மொழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் உண்டு. ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன என்று பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு எண்களையும் வைத்து ஒரு கணக்கைப் போட்டு, ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். 'டோட்டல்' என்றால் கூட்டு, 'லெஃப்ட்' என்றால் கழி என்று சொல் பார்த்துக் கணக்குப் போடும் குறுக்குவழியைச் சொல்லிக்கொடுத்தால் இதுதான் நடக்கும். நம் ஊர் டியூஷன்களில் அந்தக் குறுக்குவழி தாராளமாகப் புழங்குகிறது. அதைப்போல் கெடுதல் செய்யும் பயிற்சி வேறொன்று இல்லை.

இந்த இடத்தில்தான் புதிர் உதவுகிறது. பாடப்புத்தகக் கணக்கு எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று தெரிந்தாலே எந்த வழியில் போடுவது என்று தெரிந்துவிடும். பெருக்கல் பாடத்தில் வருவது பெருக்கல் கணக்கு. புதிருக்கு அத்தியாயம் இல்லை. அவசரமாகப் படித்தவரை அது அங்கேயே பிடித்து நிறுத்தும்.

ஒரு மட்டையும் பந்தும் சேர்ந்து 110 ரூபாய். மட்டையின் விலை பந்தைவிட 100 ரூபாய் அதிகம். பந்து என்ன விலை? பெரியவர்களும் சட்டென்று 10 ரூபாய் என்பார்கள். ஆய்வாளர் ஷேன் ஃபிரெடரிக் 2005இல் வெளியிட்ட ஆய்வில் டாலர், சென்ட் கணக்கில் இதையே கேட்டபோது, அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழக மாணவர்கள் பலரும் இப்படித்தான் தவறினார்கள். பந்து 10 என்றால் மட்டை 110, இரண்டும் சேர்ந்து 120 ஆகிவிடும். 'ஹண்ட்ரட் மோர் தேன்' என்பதில் 'மோர் தேன்' காதில் விழாமல் 'ஹண்ட்ரட்' மட்டும் விழுவதுதான் காரணம். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1980களிலிருந்து கற்பித்துவரும் பட்டைப் படம் இதற்கு நல்ல மருந்து. பந்துக்கு ஒரு சின்னப் பட்டை வரைய வேண்டும். மட்டைக்கு அதே அளவில் ஒரு பட்டை, அதோடு ஒட்டினாற்போல் 100 என்று எழுதிய நீளப்பட்டை. மொத்தம் 110. நீளப்பட்டையை எடுத்துவிட்டால் மிச்சம் 10, அதில் இரண்டு சின்னப் பட்டைகள். பந்து 5 ரூபாய். வாக்கியத்தைப் படமாக மாற்றிய பிறகு அது எந்த மொழியில் வந்தது என்பது ஒரு பொருட்டே இல்லை.

தமிழ் வீடுகளில் வாய்வழியாக வந்த புதிர்களுக்குக் குறைவில்லை. மரத்தில் இருந்த ஒரு புறா, பறந்துபோன கூட்டத்தைப் பார்த்து 'நீங்கள் நூறு பேரா?' என்று கேட்கிறது. 'நாங்களும், எங்களைப்போல் இன்னொரு பங்கும், எங்களில் பாதியும், அந்தப் பாதியில் பாதியும், உன்னையும் சேர்த்தால் நூறு' என்று பதில் வருகிறது. பறந்தவை 36. 36ம் 36ம் 72, பாதி 18 சேர்த்தால் 90, அதில் பாதி 9 சேர்த்தால் 99, மரத்துப் புறாவோடு 100. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இதைப் பேரனிடம் கேட்டு மடக்கியிருக்கிறார். இதே சாயலில் ஒரு நாரைக் கணக்கு, ஐரோப்பாவில் பேரரசர் சார்லமேன் அரசவையில் இருந்த அறிஞர் அல்குயினின் பெயரில் வழங்கும் லத்தீன் புதிர்த் தொகுப்பில் இருக்கிறது. சுமார் 1,200 ஆண்டுப் பழமையானது. புலியையும் ஆட்டையும் புல்லுக்கட்டையும் ஆற்றைக் கடத்தும் நம் புதிரும், ஓநாய், ஆடு, முட்டைக்கோசு என்று வேடம் மாறி அங்கே இருக்கிறது.

புறாக் கணக்கை ஆங்கிலத்தில் படித்தால் 'அஸ் மெனி அகெய்ன்', 'ஹாஃப் அஸ் மெனி' என்ற தொடர்கள் வரும். தமிழில் புதிரை ஏற்கெனவே போட்டுவிட்ட பிள்ளைக்கு அந்தத் தொடர்கள் பயம் தருவதில்லை. விடை முன்பே தெரிந்திருப்பதால், 'அஸ் மெனி அகெய்ன்' என்பது எங்களைப்போல் இன்னொரு பங்கு என்பதைத் தானே ஊகித்துக்கொள்ளும். ஒரே புதிரை முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் கேட்பது, அகராதி பார்த்துச் சொல் மனப்பாடம் செய்வதைவிடப் பலமடங்கு மேல்.

சொற்களே அதிகம் தேவைப்படாத புதிர்களும் நிறைய உண்டு. மொழியில் தடுமாறும் பிள்ளைக்கு இவற்றைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். 'எனக்கும் கணக்கு வரும்' என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் முளைக்கும். நாட்காட்டியில் ஒரு மாதத் தாளை எடுத்து, மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதிகளைக் கட்டம் கட்டினால், அவற்றின் கூட்டுத்தொகை நடுத்தேதியைப்போல் ஒன்பது மடங்கு இருக்கும். நடுவில் 16 என்றால் கூட்டு 144. இரண்டுக்கு இரண்டாக நான்கு தேதிகளை எடுத்து மூலைக்கு மூலை பெருக்கினால், இரண்டு பெருக்குத்தொகைகளுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் 7. எந்த மாதம், எந்த ஆண்டு எடுத்தாலும் இது மாறாது. வாரத்துக்கு ஏழு நாள் என்பதுதான் ரகசியம். நாட்காட்டியை வைத்தே கணக்கு விளையாட்டு என்று ஒரு நூல் எழுதியவர் சென்னைக் கணக்கு ஆசிரியர் பி. கே. சீனிவாசன். ராமானுஜன் பற்றிய கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் திரட்டிப் பதிப்பித்தவரும், 1993இல் இராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் தொடங்கக் காரணமானவரும் அவர்தான்.

மகாராஷ்டிரத்தின் தேவலாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். கப்ரேகர் கண்ட எண் 6174. எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஏதேனும் ஒரு நான்கிலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் அடுக்கி, பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும். வந்த விடையோடு அதையே திரும்பச் செய்ய வேண்டும். 3524ஐ எடுத்தால் 5432 − 2345 = 3087. அடுத்து 8730 − 0378 = 8352. அடுத்து 8532 − 2358 = 6174. அதன் பிறகு எத்தனை முறை செய்தாலும் 6174தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் அங்கே வந்து நின்றுவிடும். கடன் வாங்கிக் கழித்தலை இருபது முறை செய் என்றால் முகம் சுளிக்கும் பிள்ளை, 6174 வருகிறதா பார் என்றால் முப்பது முறைகூடச் சலிக்காமல் செய்யும்.

ஆங்கில எழுத்துகளே எண்களாகும் புதிர் இன்னொரு வகை. இங்கிலாந்தின் புதிர்மேதை ஹென்றி டியூடனி 1924இல் வெளியிட்ட 'சென்ட்' கூட்டல் 'மோர்' சமம் 'மணி' இதில் புகழ்பெற்றது. ஒரே எழுத்துக்கு ஒரே இலக்கம், வெவ்வேறு எழுத்துக்கு வெவ்வேறு இலக்கம். இரண்டு நான்கிலக்க எண்களைக் கூட்டினால் 20,000ஐத் தொட முடியாது. ஆகவே 'மணி'யின் முதல் எழுத்து 1தான். இந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் 9567 + 1085 = 10652 என்ற ஒரே விடை கிடைக்கும். இந்தப் புதிரைப் போட ஆங்கில எழுத்துத் தெரிந்தால் போதும், ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை.

எண்ணும் வடிவமும் சேரும் இடத்தில் புதிர்கள் இன்னும் அழகாகின்றன. புளியங்கொட்டைகளை முதல் வரிசையில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, மூன்று என்று பத்து வரை படிக்கட்டுபோல் அடுக்கினால் மொத்தம் எத்தனை? ஒவ்வொன்றாக எண்ணத் தேவையில்லை. அதேபோல் இன்னொரு படிக்கட்டைத் தலைகீழாகத் திருப்பி அதன்மேல் பொருத்தினால் 10க்கு 11 என்று ஒரு செவ்வகம் வரும். 110இல் பாதி 55. கணித மேதை காவுஸ் சிறுவயதில் 1 முதல் 100 வரை நொடியில் கூட்டி 5050 என்று சொன்னதாக வழங்கும் கதைக்குள் இருப்பதும் இந்தப் படிக்கட்டுதான்.

வாசலில் போடும் கோலமும் அப்படியே. நடுவரிசையில் 7 புள்ளி வைத்து, மேலும் கீழும் 5, 3, 1 என்று முடியும் நேர்ப்புள்ளிக் கோலத்தில் மொத்தம் 25 புள்ளிகள். ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு வண்ணப் பொடியில் புள்ளி வைத்தால் ஒரு வண்ணத்தில் 16, மற்றதில் 9 வரும். கழுத்தைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் 16 புள்ளிகளும் நான்குக்கு நான்கு சதுரமாக நிற்கும், 9 புள்ளிகள் மூன்றுக்கு மூன்று சதுரமாக அதன் இடைவெளிகளில் உட்கார்ந்திருக்கும். நடுவரிசை 5 என்றால் 13 புள்ளிகள், அது 9ம் 4ம். அடுத்தடுத்த இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கோலத்தின் புள்ளிக்கணக்கு கிடைக்கிறது. இதை மார்கழியில் புள்ளி வைக்கும் பெண்ணிடம் எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வடிவக் கணிதத்தில் ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொடுக்கவே அமைந்ததுபோன்ற ஒரு புதிர், வண்ணம் பூசிய கனசதுரம். மரத்தாலான ஒரு கனசதுரத்தின் வெளிப்பக்கம் முழுவதும் சிவப்பு பூசி, பக்கத்துக்கு மூன்றாக 27 சிறு கனசதுரங்களாக அறுக்கிறார்கள். மூன்று பக்கம் சிவப்பானவை எத்தனை, இரண்டு பக்கம் எத்தனை, ஒரு பக்கம் எத்தனை, சிவப்பே படாதவை எத்தனை? விடை 8, 12, 6, 1. முனைகள் 8, விளிம்புகள் 12, முகங்கள் 6, உள்ளே ஒளிந்திருப்பது 1. 'வெர்டெக்ஸ்', 'எட்ஜ்', 'ஃபேஸ்' என்று வரையறை எழுதி மனப்பாடம் செய்த பிள்ளைக்குத் தேர்வு முடிந்ததும் அவை மறந்துவிடும். ஒரு கட்டி வெல்லத்தையோ சோப்பையோ அறுத்து இந்தப் புதிரைப் போட்ட பிள்ளைக்கு மறக்காது. பக்கத்துக்கு நான்காக 64 துண்டு போட்டால் 8, 24, 24, 8 வரும். ஏன் என்று பிள்ளையே சொல்லட்டும்.

கண்ணை நம்பாதே என்று சொல்லும் புதிர் ஒன்றும் உண்டு. கட்டத்தாளில் 8க்கு 8 சதுரத்தை வெட்ட வேண்டும், பரப்பு 64. அதை 3 கட்ட உயரமும் 5 கட்ட உயரமும் உள்ள இரண்டு பட்டைகளாக்கி, முதலாவதை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணங்கள். இரண்டாவதைச் சாய்வாக, மேலே 3ம் கீழே 5ம் வரும்படி வெட்டினால் இரண்டு சரிவகங்கள். நான்கு துண்டுகளையும் மாற்றி அடுக்கினால் 13க்கு 5 செவ்வகம் அமைந்துவிடும். பரப்பு 65! ஒரு கட்டம் எங்கிருந்து முளைத்தது? முக்கோணத்தின் சாய்வு எட்டுக்கு மூன்று, அதாவது 0.375. சரிவகத்தின் சாய்வு ஐந்துக்கு இரண்டு, அதாவது 0.4. இரண்டும் ஒரே நேர்கோடுபோல் தோன்றுகின்றன, ஆனால் ஒரே கோடு இல்லை. செவ்வகத்தின் நடுவே மூலைக்கு மூலை ஒரு மெல்லிய இடைவெளி ஓடுகிறது. ஒரு கட்டம் ஒரு சென்டிமீட்டர் என்றால் அதன் அகலம் எந்த இடத்திலும் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டாது. கூடுதலாக முளைத்த ஒரு கட்டம் அங்கே நீளவாக்கில் ஒளிந்திருக்கிறது. 'ஸ்லோப்' என்ற சொல்லை ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது பயப்படாமல் இருக்க, ஆறாம் வகுப்பிலேயே இந்தத் தாளை வெட்டிப் பார்த்திருந்தால் போதும்.

கண்ணைப்போல் உள்ளுணர்வையும் ஏமாற்றும் புதிர் உண்டு. பூமியைச் சுற்றி, தரையை ஒட்டி ஒரு கயிறு கட்டியிருப்பதாகக் கொள்ளலாம். சுமார் 40,000 கிலோமீட்டர் நீளம். அதோடு ஒரே ஒரு மீட்டர் கயிற்றை முடிச்சுப் போட்டு, சுற்றிலும் சமமாகத் தூக்கினால் தரையிலிருந்து எவ்வளவு உயரும்? தலைமுடி அளவுகூட உயராது என்றே எல்லாரும் சொல்வார்கள். ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் உயரும். பூனைக்குட்டி தாராளமாக நுழைந்து போகலாம். சுற்றளவு எவ்வளவு கூடினாலும் அதை இரண்டு பை ஆல் வகுத்தால் ஆரம் கூடும் அளவு வந்துவிடும். உருண்டை பெரியதா சின்னதா என்பது கணக்கிலேயே வரவில்லை. ஆரஞ்சுப் பழத்தைச் சுற்றிய கயிற்றோடு ஒரு மீட்டர் சேர்த்தாலும் அதே 16 சென்டிமீட்டர்தான்.

புதிர்களைக் கொடுப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். கடிகாரம் வைத்து நேரம் பார்த்தால் அது இன்னொரு தேர்வாகிவிடும். விடை வரவில்லையென்றால் உடனே சொல்லிக்கொடுக்காமல் ஒரு நாள் விட்டுவைக்கலாம். ராத்திரி படுக்கையில் விடை கிடைத்த பிள்ளை காலையில் ஓடிவந்து சொல்லும்போது இருக்கும் முகத்தை எந்த மதிப்பெண்ணும் தராது. விடை சரி என்றாலும், எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். அதைப் பிள்ளை தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்தே சொல்லட்டும். சிந்தனை ஓடும்போது மொழியைத் திருத்தினால் சிந்தனை நின்றுவிடும். எழுதும்போது ஆங்கிலத்தில் திருத்திக்கொள்ளலாம்.

ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைக்கு உதவத் தங்களுக்கு ஆங்கிலம் போதாது என்று தயங்கும் பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தத் தயக்கமே வேண்டாம். பாடப்புத்தகத்தில் உள்ள கணக்கைப் பிள்ளையிடம் கொடுத்து, 'இதில் என்ன கேட்டிருக்கிறார்கள், தமிழில் சொல்' என்று கேளுங்கள். அது சொல்வது உங்களுக்குப் புரிந்தால், கணக்கு அதற்குப் புரிந்துவிட்டது.